சோழமண்டலம்: கைவினை வளர்த்த ஓவியர் கிராமம்

சென்னை அரசு கலைத்தொழிற் கல்லூரியில் ஓவியமும் சிற்பமும் பயின்று வெளிவந்த இளைஞர்களுக்கு, 1960-களில் தம் படைப்புகளை விற்று வாழ்வது அரிதாக இருந்தமையால், பலர் தூரிகையைக் கைவிட்டு வேறு வேலை தேட நேர்ந்தது. இந்நிலை கண்டு வருந்திய கல்லூரி முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர், மாணவர்களையும் சக ஓவியர்களையும் ஒரு கைவினைச் சங்கமாக ஒன்றிணைத்தார். உருக்கிய மெழுகால் துணியில் உருவம் வரைந்து, மெழுகு படிந்த இடம் சாயத்தை ஏற்காதவாறு தோய்த்தெடுக்கும் 'பாத்திக்' முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அவ்வருவாயைக் கொண்டு ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை அவர்கள் நிறுவினர்.

கைவினை வயிற்றுப்பாட்டைக் கவனித்துக்கொள்ள, ஓவியம் சந்தையின் விருப்பத்துக்கு வளையாமல் தன் போக்கில் வளரலாம் என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை. ஜே. சுல்தான் அலி, எஸ். நந்தகோபால், எஸ்.ஜி. வாசுதேவ் போன்றோர் ஒருவர் பாணியை மற்றவர் பின்பற்றாமலே, அண்டை அயலாராய் இங்குப் பணியாற்றினர். 1977-இல் பணிக்கர் மறைந்த பின்னரும் இக்கிராமம் நிலைத்தமைக்கு, புரவலர் கொடையை நம்பியிராமல் கலைஞர்கள் தம் உழைப்பையே பொது முதலாக்கிக்கொண்ட தோழமை முதன்மைக் காரணமாகும்.