ஆட்டிசமும் சமூகப் பழக்கக் கல்வியும்

ஆட்டிசம் இல்லாத பெரும்பான்மையினரின் பேச்சு, முகக்குறி, மரியாதை, உறவாடும் முறை ஆகியவற்றை ஆட்டிசம் உள்ளவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள், எந்த வழியில் கற்கிறார்கள் என்பது இக்கட்டுரையின் பொருள். மதியிறுக்கம் என்றும் வழங்கப்படும் ஆட்டிசம் நோயன்று. மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே அமையும் வேறுபாடு. பிற பிள்ளைகள் வீட்டிலும் தெருவிலும் பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொள்ளும் வழக்கங்களை, ஆட்டிசம் உள்ள பிள்ளை ஒவ்வொன்றாக விதியாக்கி, காரணம் கேட்டு, நினைவில் நிறுத்திக் கற்கிறது. அந்த விதிகளை யாரும் வாய்திறந்து சொல்லிக் கொடுப்பதில்லை. இடர்ப்பாட்டில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

வரலாறு

1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் புளூலர், மனச்சிதைவின் ஒரு கூறைக் குறிக்க 'ஆட்டிசம்' என்ற சொல்லை ஆக்கினார். 1925-இல் சோவியத் மருத்துவர் குருன்யா சுகரேவா ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றைய வரையறைக்கு வியக்கத்தக்க அளவு நெருங்கியது; ஆனால் நெடுங்காலம் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1943-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் 11 குழந்தைகளையும், 1944-இல் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் நான்கு சிறுவர்களையும் விவரித்து எழுதினர்.

கற்கும் முறையைக் கூர்ந்து கவனித்தவர்களுள் ஒருவர் ஆஸ்பெர்கர். இப்பிள்ளைகளுக்குச் சமூக ஒழுக்கம் இயல்பூக்கத்தால் வருவதில்லை, அறிவின் வழியாகவே வந்தாக வேண்டும் என்று அவர் எழுதினார். கொஞ்சினாலும் கோபித்தாலும் அசையாத பிள்ளை, "இந்த நேரத்தில் இதைச் செய்வது எல்லாருக்கும் பொது" என்று ஆள்சாராத விதியாகச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறது என்பது அவர் கண்டது. இன்றைய பயிற்சிகள் பலவற்றிலும் இதே எண்ணம் காணப்படுகிறது. ஆயினும் அவரை வழிகாட்டியாகக் கொண்டாடத் தகாது. நாஜி ஆட்சிக் காலத்தில், குழந்தைகள் கொல்லப்பட்ட, வியன்னாவின் 'ஆம் ஷ்பீகல்குருண்ட்' நிலையத்துக்கு அவர் பிள்ளைகளை அனுப்பியதை 2018-இல் வெளிவந்த ஆவண ஆய்வு நிறுவியது. அவர் எழுத்தை ஆங்கில உலகம் பரவலாக அறிந்தது பிரிட்டன் மனநல மருத்துவர் லோர்னா விங் 1981-இல் எழுதிய கட்டுரைக்குப் பின்னர்தான்.

இதற்கிடையே அமெரிக்காவில் வேறொரு வழி வலுப்பெற்றது. 1987-இல் உளவியலாளர் ஐவார் லோவாஸ் 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம் அளித்த பயிற்சியின் முடிவுகளை வெளியிட்டார். சொன்னதைச் செய்தால் பரிசு, செய்யாவிட்டால் அதட்டல், சில வேளை அடி. ஆட்டிசம் இல்லாதவர் போலத் தோன்றச் செய்வதே குறிக்கோள். 1991-இல் காரல் கிரே உருவாக்கிய 'சமூகக் கதைகள்' முறை இதைவிட மனிதத்தன்மை உடையது: பிள்ளை சந்திக்கப்போகும் ஒரு சூழலை, அங்கே யார் என்ன செய்வார்கள், ஏன் செய்வார்கள் என்பதைச் சிறு கதையாக முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது. எலிசபெத் லாகெசனும் ஃப்ரெட் ஃபிராங்கெலும் 2010-இல் நூலாக்கிய 14 வாரப் பயிற்சி, பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் எப்படிச் சேர்வது என்பதைக்கூடப் படிப்படியாகப் பிரித்துப் பதின்பருவத்தினருக்குக் கற்பிக்கிறது.

ஆட்டிசம் உள்ளவர்களின் பார்வை

கால்நடை அறிவியலாளர் டெம்பிள் கிராண்டின், பிறரிடையே வாழும்போது தம்மைச் செவ்வாய்க் கோளில் ஆய்வு செய்யும் மானிடவியலாளராக உணர்வதாக நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்ஸிடம் சொன்னார். சாக்ஸின் 1995-ஆம் ஆண்டு நூலுக்கு அதுவே தலைப்பாயிற்று. பார்த்த நிகழ்ச்சிகளை மனத்தில் ஒளிநாடாக்களாகச் சேர்த்து வைத்து, புதிய சூழலில் பொருத்தமான ஒன்றை எடுத்து ஓட்டிப் பார்ப்பது அவர் கற்ற முறை.

இப்படிக் கற்றதை நாள் முழுவதும் நடித்துக்கொண்டிருப்பதற்கு விலை உண்டு. லாரா ஹல் குழுவினர் 92 பேரிடம் கேட்டு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், வேலைக்காகவும் நட்புக்காகவும் தம் இயல்பை மறைத்து நடந்தவர்கள் கடும் சோர்வையும் தம் அடையாளம் பற்றிய குழப்பத்தையும் விவரித்தனர். ஆட்டிசம் உள்ள சமூகவியலாளரான டேமியன் மில்டன் 2012-இல் முன்வைத்த 'இரட்டைப் பரிவுச் சிக்கல்' கருத்து விவாதத்தின் திசையையே மாற்றியது. புரியாமை இருபுறமும் உண்டு, ஆட்டிசம் உள்ளவர்கள் பிறரைப் புரிந்துகொள்ளாத அளவுக்குப் பிறரும் அவர்களைப் புரிந்துகொள்வதில்லை என்பது அக்கருத்து. கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் 2020-இல் எட்டெட்டுப் பேர் கொண்ட ஒன்பது வரிசைகளில் ஒரு கதையைக் கைமாற்றச் செய்து பார்த்தனர். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசை, அது இல்லாதவர்கள் மட்டும் இருந்த வரிசைக்குக் குறையாமல் செய்தியைக் கடத்தியது. இருவகையினரும் கலந்த வரிசையில்தான் செய்தி அதிகம் சிதைந்தது. உறவாடத் தெரியாதவர்கள் என்ற பழிக்கு இதன்பின் இடமில்லை.

தமிழ்ச் சூழல்: கம்பம் பள்ளத்தாக்கு

மேலே சொன்ன பயிற்சிமுறைகள் பெரும்பாலும் அமெரிக்கப் பள்ளியையும் நடுத்தர வர்க்க வீட்டையும் மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை. தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், கம்பம் செல்லும் சாலையில் உள்ள அனுமந்தன்பட்டி பேரூராட்சி போன்ற ஊரில் வளரும் பிள்ளை கற்க வேண்டிய விதிகள் வேறு. அவை எந்தக் கையேட்டிலும் இல்லை.

இப்பகுதியில் வீட்டுக்கு வந்தவரை "வாங்க" என்று கேட்டே ஆக வேண்டும். "வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல" என்ற மனக்குறை ஆண்டுக்கணக்கில் நீளும். வந்தவரைப் பார்த்தும் தன் வேலையில் ஆழ்ந்திருக்கும் ஆட்டிசம் உள்ள இளைஞனுக்குத் 'திமிர் பிடிச்சவன்' என்ற பெயர் கிடைப்பது இப்படித்தான். "சாப்ட்டியா?" என்பது நலம் விசாரிப்பு, அவனோ காலையில் தின்ற இட்லியின் எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டிருப்பான். விருந்தாளி முதலில் "வேண்டாம்" என்பது மறுப்பாகாது, இன்னொரு முறை கேட்க வேண்டும். வெளியே கிளம்புபவரிடம் "எங்க போறீங்க?" என்று கேட்கக் கூடாது. விடைபெறும்போது "போறேன்" என்னாமல் "போயிட்டு வாரேன்" என்று சொல்ல வேண்டும். இந்த விதியை அரும்பாடுபட்டுக் கற்ற பிள்ளை துக்க வீட்டிலும் அதையே சொல்லிவிட்டால் பெருந்தவறாகிவிடும். அங்கே சொல்லாமல் எழுந்து போவதே முறை.

விளிச்சொற்கள் இன்னும் கடினம். உறவே இல்லாத கடைக்காரர் 'அண்ணே', அண்ணன் மனைவி 'மதினி', பக்கத்து வீட்டு ராவுத்தர் பிள்ளைக்கு அப்பா 'அத்தா'. தமிழோடு கன்னடமும் தெலுங்கும் வீட்டுமொழிகளாக உள்ள பள்ளத்தாக்கு இது. சொற்களுக்கு நேர்ப்பொருள் கொள்ளும் பிள்ளை, "அவர் எனக்கு அண்ணன் இல்லையே" என்று கேட்பதில் குற்றம் ஏதுமில்லை.

இதற்கு மறுபுறமும் உண்டு. இன்னார் பேரன் என்று ஊர் அறிந்த பிள்ளைக்கு, தினமும் அதே டீக்கடையில் அதே ஆட்களிடம் பழகும் வாய்ப்பு உண்டு. மாறாத ஒழுங்கு ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பெருந்துணை. அந்த ஒழுங்கு குலையும் நாட்கள்தான் சோதனை. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவின் கொட்டுமேளமும் கூட்டமும் அத்தகைய சோதனைதான். அங்கே காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளையை அதட்டாமல் ஒதுக்கமான இடத்துக்கு அழைத்துச் செல்வதே அறிவுடைமை.

கண்ணைப் பார்த்தல் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பெரியவர்கள் கண்டிக்கும்போது தலைகுனிந்து நிற்பதே இங்கு மரியாதை, நேராகப் பார்த்தால் "என்ன முறைக்கிற?" என்பார்கள். ஆயினும் ஆட்டிசத்தைக் கணிக்க இந்திய அரசு ஏற்ற அளவுகோலின் 40 கூறுகளில் முதலாவது, பிள்ளை கண்ணைப் பார்க்கிறதா என்பதுதான். ஒவ்வொரு கூறுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண்; மொத்தம் 70-க்குக் குறைந்தால் ஆட்டிசம் இல்லை என்பது கணக்கு. இந்தக் கூறை மறுஆய்வு செய்ய வேண்டும். கண்ணைப் பார்க்கும்படி பிள்ளையை வற்புறுத்தும் பயிற்சியைக் கைவிட வேண்டும். பார்க்காமலே கேட்கக் காதுகள் போதும்.

தமிழில் யெஸ். பாலபாரதியின் 'ஆட்டிசம் சில புரிதல்கள்', 'துலக்கம்' நாவல், லக்ஷ்மி பாலகிருஷ்ணனின் 'எழுதாப் பயணம்' ஆகியவை பெற்றோருக்குப் பெரிதும் பயன்படும் நூல்கள். சென்னையில் உருவான ஆவாஸ் செயலி, பேச இயலாதவர்கள் படங்களைத் தொட்டுப் பேச உதவுகிறது.

இன்றைய நிலை

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 வகைகளுள் ஒன்றாக ஏற்று, அரசு வேலையில் ஆட்டிசம் உள்ளிட்ட சில பிரிவுகளுக்குச் சேர்த்து ஒரு விழுக்காடு ஒதுக்கியது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் உள்ளது. அனுமந்தன்பட்டிக்காரர்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தேனியையும் தாண்டிக் க.விலக்குக்குப் போக வேண்டும். பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு வணக்கம் சொல்லக் கற்பிக்கும் அதே வகுப்பில், பதில் வரும்வரை பொறுத்திருக்க மற்றப் பிள்ளைகளுக்கும் கற்பியுங்கள்.