சொட்டாத கசிவு

புதுவையில் பிரெஞ்சுப் பள்ளியில் பஸ்கால் விதியை ஒப்பித்தவன் நான். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் பரவும். அவர் மறைந்த மறுவருடம், 1663-ல், அந்த நூல் வெளிவந்தது.

அதை வைத்து லண்டனில் ஜோசப் பிராமா அழுத்த இயந்திரம் செய்து 1795-ல் காப்புரிமை பெற்றார். ஆனால் பிஸ்டன் ஓரமாகத் தண்ணீர் கசிந்தது. இறுக்கி அடைத்தால் பிஸ்டன் நகரவில்லை. அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லி, கிண்ணம்போல் வளைந்த தோல் வளையம் வைத்தார் என்பார்கள். அழுத்தம் ஏறினால் அது தானே விரிந்து அடைக்கும், குறைந்தால் தளரும். 1846-ல் ஆம்ஸ்ட்ராங் நியூகாசிலில் கிரேனையே நீரழுத்தத்தால் இயக்கினார்.

நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்திலும் பழைய கிரேன் ஒன்று இருந்தது. பாரத்தோடு நிறுத்தினால் அதன் கை மெல்ல இறங்கும். மெக்கானிக் புது சீல் கேட்டார். "வெளியே எண்ணெய் சொட்டவில்லையே" என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.

"சார், வால்வைப் பாத்தாச்சு. எண்ணெய் உள்ளுக்குள்ளயே பிஸ்டனைத் தாண்டிப் போவுது" என்றார். நான் கேட்கவில்லை.

ஒரு நாள் சிமெண்ட் குழாய் ஒன்று தொழிலாளி ஒருவரின் கால் பக்கத்தில் வந்து இறங்கியது. ஒரு சாண்தான் இடைவெளி. அன்று மாலையே கோப்பைக் கையில் எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்கினேன். ஒப்பித்த விதி எனக்கு விளங்கியது அன்றுதான்.