சின்னமும் ஒப்புகைச் சீட்டும்: வாக்குப்பதிவு இயந்திரத்தில் நினைவும் கவனமும்

திருப்பாச்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை பரவிக்கிடக்கும் ஆலைகளில் கன்ட்ரோல் பேனல் முன் நிற்கும் தொழிலாளி, ஷிப்டுக்கு ஷிப்டு அதே பொத்தான்களைத்தான் அழுத்துகிறார். நாளடைவில் கை இடத்தைப் பழகிவிடுகிறது. கண் தேட வேண்டியதில்லை. அவரே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, மறைவில் தனியாக நின்று, சில விநாடிகள் மட்டும் தொடும் கருவி மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். வேட்பாளர் பட்டியல் தேர்தலுக்குத் தேர்தல் மாறுவதால் ‘போனமுறை மேலிருந்து மூன்றாவது’ என்ற நினைவு அங்கே உதவாது. கைப்பழக்கம் உருவாக வழியே இல்லாத இக்கருவியைக் கோடிக்கணக்கானோர் பயன்படுத்த முடிவதற்குக் காரணம், அது வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பிருந்தே மக்கள் மனத்தில் பதிந்த சின்னங்கள் என்பது என் வாதம். அளித்த வாக்கு யாருக்குப் பதிவானது என்று காட்ட, பின்னால் சேர்ந்த ஒப்புகைச் சீட்டோ வாக்காளரின் கவனத்தை நம்பி நிற்கிறது. அதற்கு அப்படியோர் அடித்தளம் இடப்படவே இல்லை.

1951-52 பொதுத்தேர்தலின்போது நாட்டின் எழுத்தறிவு சுமார் 18 விழுக்காடு. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து, அதில் சின்னத்தை ஒட்டினார்கள்; உரிய பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும். பிறகு எல்லாச் சின்னங்களும் ஒரே வாக்குச்சீட்டில் அச்சாகி, முத்திரை குத்தும் முறை வந்தது. 1982இல் கேரளத்தின் பரவூரில் இயந்திரம் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது; 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகம் முழுவதும் வந்தது. பெட்டி சீட்டானது, சீட்டு பொத்தானானது. சின்னம் மட்டும் மாறவில்லை. ஒன்றைத் தானாக நினைவுகூர்வதைவிட, எதிரே கண்டதும் அடையாளம் காண்பது மனத்துக்கு எளிது. உதயசூரியனும், 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் அறிமுகமான இரட்டை இலையும் சுவர்தோறும் வரையப்பட்டு அந்த அடையாளத்தைத் தலைமுறைகளுக்குக் கடத்தின. இதற்கும் எல்லை உண்டு. 1996இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டபோது வாக்குச்சீட்டே புத்தகமாகிவிட்டது.

எழுத்தறிவு பெருகிவிட்ட இன்று சின்னம் எதற்கு என்று கேட்கலாம். படிக்கத் தெரிந்தவரும் பட்டியலில் பெயரைத் தேடித்தான் ஆக வேண்டும். பெயரோ ஒன்றாகவே இருக்கலாம். 2024இல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது அதே பெயரில் வேறு பலரும் களத்தில் இருந்தார்கள். இத்தகைய குழப்பத்தைக் குறைக்கவே 2015 முதல் வேட்பாளரின் படமும் சேர்க்கப்பட்டது. இதைவிட வலுவான மறுப்பு ஒன்றுண்டு. அதே 2024இல் நாம் தமிழர் கட்சி, கரும்பு விவசாயி சின்னத்தை இழந்து ஒலிவாங்கியோடு நின்றும் சுமார் 8 விழுக்காடு வாக்கு பெற்றது. தீவிரப் பரப்புரை புதிய சின்னத்தையும் விரைவில் பதியவைக்கும் என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கே அவ்வளவு உழைப்பு தேவைப்பட்டது என்பது சின்னத்தின் வலுவைத்தான் காட்டுகிறது.

ஒப்புகைச் சீட்டின் கதை வேறு. உச்ச நீதிமன்றத்தின் 2013 தீர்ப்பைத் தொடர்ந்து படிப்படியாக வந்து, 2019இல் எல்லா வாக்குச்சாவடிகளுக்கும் பரவிய இந்த ஏற்பாட்டில், சீட்டு கண்ணாடிக்குப் பின்னே 7 விநாடி தெரிந்து பெட்டிக்குள் விழும். பொத்தானருகே சிவப்பு விளக்கு எரிந்ததுமே வேலை முடிந்த நிறைவு வந்துவிடுகிறது. சீட்டோ பக்கத்துப் பெட்டியில் இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், மாதிரி வாக்குப்பதிவில் பங்கேற்ற 241 பேரின் அச்சுச்சீட்டிலும் வேண்டுமென்றே ஒரு தேர்வை மாற்றிவைத்தார்கள். தனி அறிவுறுத்தல் ஏதுமில்லாதபோது சீட்டைச் சரிபார்த்தவர்கள் சுமார் 40 விழுக்காடு. அலுவலரிடம் பிழையைச் சொன்னவர்கள் 6.6 விழுக்காடு. அமெரிக்கச் சீட்டில் பல பதவிகள், இங்கே ஒரே தேர்வு; ஆகவே இந்த எண்களை அப்படியே இங்கே பொருத்த முடியாது. நினைவின் சுமை நமக்குக் குறைவுதான். ஆனாலும் பார்க்கவே தோன்றாதவருக்குச் சுமை குறைந்து என்ன பயன்? மேலும் இங்கே புகார் பொய்யென்று தெரிந்தால் தண்டனை உண்டு என்பதால், ஐயம் எழுந்தவரும் வாய் திறக்கத் தயங்குவார்.

கும்மிடிப்பூண்டியின் வெளிமாநிலத் தொழிலாளர்களை வைத்துப் பார்த்தால், சின்னத்தை அடையாளம் காண்பது, சீட்டைக் கவனிப்பது என்ற இரு சிக்கல்களும் ஒன்றுசேர்கின்றன. சொந்த ஊருக்குப் போகாமலே அந்தத் தொகுதிக்கு வாக்களிக்க உதவும் என்று 2022 டிசம்பரில் தேர்தல் ஆணையம் அறிவித்த தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரத்தின் மாதிரி, ஒரே சாவடியில் 72 தொகுதிகளைக் கையாளக்கூடியது. அச்சிட்ட தாளுக்குப் பதில் மாறும் திரை. அது நடைமுறைக்கு வரவில்லை. வந்தால், ஒடிசாக்காரர் நாள்தோறும் இங்கே சுவரில் பார்ப்பது உதயசூரியன். திரையில் அவர் தேட வேண்டியதோ ஊரில் பார்த்த சங்குச் சின்னமாக இருக்கலாம். அந்தத் திட்டம் மீண்டும் எடுக்கப்பட்டால், முதல் சோதனையை இந்தத் தொழிலாளர்களிடமே நடத்த வேண்டும்: சின்னத்தைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகிறது, சீட்டை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று.