எல்லை யாருக்குத் திறந்தது? கனடிய–அமெரிக்கக் கார் வணிக வரலாற்றில் ஒரு பக்கம்

2007 செப்டம்பர் 20 அன்று கனடிய டாலர் அமெரிக்க டாலருக்கு ஈடாயிற்று. 1976ஆம் ஆண்டுக்குப் பின் அந்நிலை ஏற்பட்டது அதுவே முதன்முறை. நவம்பர் முதல் வாரத்தில் ஒரு கனடிய டாலரின் மதிப்பு 1.10 அமெரிக்க டாலரையும் எட்டியது. பொருளியல் ஏடுகள் இதனை எண்ணெய் விலையோடும் அமெரிக்க வீட்டுக்கடன் நெருக்கடியோடும் சேர்த்து விளக்கின. ஆனால் ஒன்டாரியோவிலும் கியூபெக்கிலும் எல்லையோர நகரங்களில் வாழ்ந்தோர் அதனை வேறொரு கணக்கில் புரிந்துகொண்டனர். ஆற்றின் மறுகரையில் விற்கும் அதே கார், அதே ஆண்டு, அதே மாதிரி, பல ஆயிரம் டாலர் மலிவு. சென்று வாங்கி ஓட்டிவந்தால் என்ன என்ற எளிய கேள்வி எழுந்தது. அக்கேள்விக்குக் கிடைத்த விடைகளை வரிசைப்படுத்தினால், தடையற்ற வணிகம் என்னும் சொல்லின் உட்பொருள் நன்கு விளங்கும்.

கதையின் வேர் 1965இல் உள்ளது. அவ்வாண்டு ஜனவரி 16 அன்று டெக்சாசில் லிண்டன் ஜான்சனின் பண்ணை இல்லத்தில், அவரும் கனடியப் பிரதமர் லெஸ்டர் பியர்சனும் வாகன உற்பத்தி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். ‘ஆட்டோ பேக்ட்’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அவ்வொப்பந்தம், இரு நாடுகளுக்கும் இடையே கார்களும் உதிரிபாகங்களும் தீர்வையின்றிச் செல்ல வழிவகுத்தது. பாடநூல்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் நின்றுவிடுகின்றன. நுணுகிப் பார்த்தால், கனடா தன் பக்கத்தில் அந்தச் சலுகையை உற்பத்தியாளர்களுக்கு மட்டுமே வழங்கியது தெரியவரும். கனடாவில் விற்கும் வண்டிகளுக்குக் குறித்த விகிதத்தில் கனடாவிலேயே உற்பத்தி செய்ய வேண்டும், கனடிய மதிப்புக்கூட்டலைப் பேண வேண்டும் என்ற நிபந்தனைகளை நிறைவேற்றும் நிறுவனமே தீர்வையின்றி இறக்குமதி செய்யலாம். தனியொருவர் டெட்ராய்ட்டில் ஒரு காரை வாங்கி வந்தால் முழுத் தீர்வையும் செலுத்த வேண்டும். பழைய காராயின் கொண்டுவரவே இயலாது. பயன்படுத்திய வண்டிகளின் இறக்குமதிக்குத் தனித் தடையாணை இருந்தது.

இதில் சூழ்ச்சி எதனையும் தேட வேண்டியதில்லை. கனடிய அரசின் நோக்கம் வேலைவாய்ப்பு. எல்லையை அனைவருக்கும் திறந்துவிட்டால் தொழிற்சாலைகளெல்லாம் தெற்கே நகர்ந்துவிடும் என்ற அச்சம் பொருளற்றதன்று. ஒன்டாரியோவின் வாகனத் தொழில் அடுத்த முப்பதாண்டுகளில் வளர்ந்த வளர்ச்சி அக்கொள்கைக்குச் சான்று. ஆயினும் அதற்கான விலையின் ஒரு பகுதியைக் கனடிய நுகர்வோர் செலுத்தினர் என்பதும் உண்மையே. தொழிலாளர் வரலாறு விரிவாக எழுதப்பட்டிருக்க, வாங்குபவரின் வரலாறு அடிக்குறிப்புகளிலேயே தங்கிவிட்டது.

1989இல் நடைமுறைக்கு வந்த கனடிய–அமெரிக்கத் தடையற்ற வணிக உடன்பாடு இந்நிலையை மாற்றியது. தீர்வைகள் படிப்படியாகக் குறைந்தன. பயன்படுத்திய கார்கள் மீதான தடையும் தளர்ந்தது. முதலில் எட்டாண்டுப் பழைய வண்டிகளுக்கு அனுமதி, பின்னர் ஆண்டுதோறும் அந்த வரம்பு குறைந்து இறுதியில் முற்றிலும் நீங்கியது. 1995இல் ‘இறக்குமதி வாகனப் பதிவாளர்’ திட்டம் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் விற்ற கார் கனடியப் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப மாற்றப்படுவதை உறுதிசெய்து சான்றளிப்பது அதன் பணி. ஆக, இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் சட்டத்தின் கண்ணில் எல்லை தனியொருவருக்கும் திறந்துவிட்டது. அதன்பின் தடை அரசாணையிலிருந்து நிறுவனங்களின் ஒப்பந்தப் படிவங்களுக்கு இடம் மாறியது.

விந்தை என்னவெனில், இந்தப் புதிய தடையை முதலில் எதிர்கொண்டவர்கள் அமெரிக்கர்கள். 2002 ஜனவரியில் கனடிய டாலர் ஏறத்தாழ 62 அமெரிக்க சென்ட்டாகச் சரிந்தது. கார் நிறுவனங்கள் கனடாவில் விலையை நாணய மாற்று விகிதத்தோடு ஏற்றி இறக்குவதில்லை. கனடியரின் வருவாய்க்கும் அங்குள்ள போட்டிக்கும் ஏற்பவே வகுத்தன. ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்வோம். அமெரிக்காவில் 30,000 அமெரிக்க டாலருக்கு விற்கும் கார் கனடாவில் 38,000 கனடிய டாலர் எனில், 62 சென்ட் விகிதத்தில் அது 23,560 அமெரிக்க டாலர்தான். வடக்கே சென்று வாங்கும் அமெரிக்கருக்கு ஆறாயிரத்துக்கும் மேல் மிச்சம். நாணயங்கள் சமமானபோது அதே விலைப்பட்டியல் தலைகீழாகி, தெற்கே செல்லும் கனடியருக்கு எட்டாயிரம் மிச்சமாயிற்று. காரும் மாறவில்லை, ஆலையும் மாறவில்லை.

அமெரிக்கர் வடக்கே சென்றபோது நிறுவனங்கள் கையாண்ட வழிகள் பின்னர் நீதிமன்ற ஆவணங்களில் இடம்பெற்றன. ஏற்றுமதி செய்யமாட்டேன் என வாங்குபவரிடம் கையொப்பம் பெறுதல். எல்லை தாண்டிய காருக்கு உத்தரவாதத்தை மறுத்தல். அத்தகைய காரை விற்ற முகவரிடமிருந்து ஊக்கத்தொகையைத் திரும்பப் பெறுதல். 2003 முதல் அமெரிக்க நுகர்வோர் தொடுத்த வழக்குகள் மேய்ன் மாநிலத்தின் கூட்டரசு நீதிமன்றத்தில் ஒன்றிணைக்கப்பட்டன. நிறுவனங்கள் தனித்தனியே இவ்வாறு செய்வது குற்றமாகாது, கூடிப் பேசிச் செய்தால் குற்றமாகும் என்பதே வழக்கின் அச்சு. 2008 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம், கீழ்நீதிமன்றம் வழங்கியிருந்த குழு வழக்குத் தகுதியை நீக்கியது. வராமற்போன கனடியக் கார்கள் வந்திருந்தால் நாடு முழுவதும் ஒவ்வொருவர் செலுத்திய விலையும் எவ்வளவு குறைந்திருக்கும் என்பதை மெய்ப்பிக்கும் வழி தெளிவாக இல்லை என்பது அதன் ஐயம். நிகழாத வணிகத்தின் இழப்பை அளப்பது வரலாற்றாய்வாளருக்கும் எளிதன்று; நீதிபதிகளைக் குறை கூறிப் பயனில்லை.

2007இல் காட்சி திரும்பியது. இம்முறை தெற்கே சென்ற கனடியர் முதலில் சந்தித்தது, விற்க மறுக்கும் அமெரிக்க முகவரை. கனடிய முகவரி கொண்டவருக்குப் புதிய காரை விற்றால் தண்டம் என்ற அச்சம் அவருக்கு. விற்க இசைந்தவர் கிடைத்தாலும் அடுத்த வாயில் அமெரிக்கச் சுங்கம். வண்டி எல்லையைக் கடப்பதற்கு 72 மணி நேரம் முன்னரே உரிமை ஆவணங்களை வெளியேறும் சாவடியில் ஒப்படைக்க வேண்டும். கார்த் திருட்டைத் தடுக்க எழுந்த இவ்விதி ‘பயன்படுத்திய’ வண்டிகளுக்கானது. ஆனால் முகவரிடமிருந்து இறுதி வாங்குநரிடம் உரிமை மாறிய கணமே, பத்துக் கல் ஓடாத புதிய காரும் அவ்விதியின் வரையறைப்படி பயன்படுத்திய காராகிவிடும்! புதியது எது, பழையது எது என்பதைச் சட்டம் தன் தேவைக்கேற்ப வகுத்துக்கொள்ளும் பாங்குக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு அரிது.

கனடியப் பக்கத்தில் அப்போது வட அமெரிக்காவில் உருவான காருக்குத் தீர்வை இருக்கவில்லை. ஜெர்மனியிலோ ஜப்பானிலோ உருவானதாயின் 6.1 விழுக்காடு இருந்தது. அடிச்சட்ட எண்ணின் முதல் எழுத்தே பிறப்பிடத்தைச் சொல்லும்: 1, 4, 5 எனில் அமெரிக்கா, 2 எனில் கனடா, 3 எனில் மெக்சிகோ. இதற்கு மேல் கூட்டரசின் சரக்கு சேவை வரி, குளிர்சாதனத்துக்கு 100 டாலர் கலால் வரி, பதிவின்போது மாகாண விற்பனை வரி. பின்னர் 45 நாட்களுக்குள் மாற்றங்களும் ஆய்வும் முடிய வேண்டும். பகலிலும் எரியும் முன்விளக்கு, குழந்தை இருக்கையைப் பிணைக்கும் கொக்கி, நிறுவனத்திடமிருந்து திரும்பப்பெறல் குறை ஏதும் நிலுவையில் இல்லை என்னும் கடிதம் ஆகியவை கேட்கப்பட்டன. அக்கடிதத்தைத் தரவேண்டியது, அந்தக் கார் எல்லை கடப்பதை விரும்பாத அதே நிறுவனம்.

இவற்றுள் மிகக் கடுமையானது ஒரு சிறிய கருவி. சாவியின் மின்குறியீடு பொருந்தாவிடில் இயந்திரத்தை இயங்கவிடாத திருட்டுத்தடுப்புக் கருவி, 2007 செப்டம்பர் 1 முதல் உருவாகும் கார்களுக்குக் கனடாவில் கட்டாயமாயிற்று. டாலர் சமநிலையை எட்டியதும் அதே மாதம். பல அமெரிக்கக் கார்களில் அத்தகைய கருவி இருந்தும், கனடா ஏற்ற தரநிலைகளின்படி சான்று இல்லாமையால் அவை நுழையத் தகாதவை ஆயின. விதி அதற்கு முன்னரே வகுக்கப்பட்டது. நாணயச் சந்தையை நோக்கி எழுந்ததன்று. எனினும் எவரும் திட்டமிடாத ஒரு பொருத்தம் விலை வேறுபாட்டுக்குக் காவலாக அமைந்துவிட்டது.

விண்ட்சர் நகரை எண்ணிப் பார்த்தால் இதன் முரண் முழுமையாகத் தெரியும். அங்கே கிரைஸ்லர் ஆலையில் உருவான மினிவேன், 1929இல் திறக்கப்பட்ட அம்பாசடர் பாலத்தின் வழியே டெட்ராய்ட்டுக்குச் சென்றது. அதற்கு அப்போது தீர்வையும் இருக்கவில்லை, காத்திருப்பும் பெரிதாக இருக்கவில்லை. அதனைக் கோத்த தொழிலாளி அக்கரையில் அதை வாங்கி அதே பாலத்தில் வீட்டுக்கு ஓட்டிவர விரும்பினால், மேற்சொன்ன வாயில்கள் அனைத்தையும் கடந்தாக வேண்டியிருந்தது. நம் நாட்டில் புதுச்சேரிப் பதிவெண்ணைத் தேடிச் செல்வோரை இதனோடு ஒப்பிடுவோர் உண்டு. அங்கே வேறுபடுவது மாநில வரி. இங்கே வேறுபட்டது நிறுவனம் வகுத்த விலை.

நிறுவனங்கள் தரப்பில் சொல்லப்பட்ட காரணங்களையும் பதிவு செய்ய வேண்டும். இருமொழி ஆவணங்கள், பரந்த நிலத்தில் சிதறிய சிறு சந்தை, உத்தரவாதப் பணிகளைச் சுமக்கும் உள்ளூர் முகவர்கள் என அவை அடுக்கப்பட்டன. இவற்றில் உண்மை உண்டு. ஆனால் 62 சென்ட் காலத்தில் இதே செலவுகளோடுதான் கார்கள் மலிவாக விற்றன என்பதால், அவை விலை உயர்வை முழுமையாக விளக்கவில்லை. 2007 அக்டோபரில் நிதியமைச்சர் ஜிம் பிளாகர்ட்டி சில்லறை வணிகர்களிடம் விலைக்குறைப்பை வலியுறுத்தினார். கார் நிறுவனங்களும் தள்ளுபடிகளை அறிவித்துப் பட்டியல் விலையைக் குறைக்கத் தொடங்கின. எல்லையைக் கடந்து சென்றவர்கள், செல்லாதவர்களுக்கும் விலையைக் குறைத்துக் கொடுத்தனர். மேய்ன் வழக்கில் மெய்ப்பிக்க இயலாமற்போனது ஏறத்தாழ இதுவே.

2008 அக்டோபரில் கனடிய டாலர் 80 சென்ட்டுக்கும் கீழே விழுந்தது. தெற்கு நோக்கிய பயணத்தின் ஆதாயம் கரைந்தது. 2016 தொடக்கத்தில் அது 70 சென்ட்டுக்கும் கீழிறங்கியபோது கனடாவின் பழைய கார்களையும் டிரக்குகளையும் அமெரிக்க வணிகர்கள் அள்ளிச் சென்றனர். இதற்கிடையே, ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் தொடுத்த வழக்கில் 2000ஆம் ஆண்டு உலக வணிக அமைப்பு வழங்கிய தீர்ப்பினால், 1965 ஒப்பந்தத்தின் தீர்வைச் சலுகை 2001இல் முடிவுக்கு வந்திருந்தது. முடிந்ததாகவே அனைவரும் கருதினர். 2025 ஏப்ரலில் அமெரிக்கா கார்கள் மீது 25 விழுக்காடு தீர்வை விதித்தது; கனடாவும் அமெரிக்கக் கார்கள் மீது எதிர்த்தீர்வை விதித்தது. அடுத்த சில நாட்களிலேயே, கனடாவில் உற்பத்தியைத் தொடரும் நிறுவனங்கள் குறித்த எண்ணிக்கையிலான கார்களை அத்தீர்வையின்றி இறக்குமதி செய்யலாம் எனக் கனடிய அரசு அறிவித்தது. தனியொருவர் ஓட்டிவரும் காருக்கு அத்தள்ளுபடி இல்லை.