சிங்கப்பூர்ச் சூரியசக்தி ஆய்வுக்கழகம்

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2008இல் தொடங்கப்பட்ட தேசிய ஆய்வுக்கூடம். ‘செரிஸ்’ என்பது இதன் சுருக்கப் பெயர். பல்கலைக்கழகத்தோடு தேசிய ஆய்வு அறநிறுவனம் போன்ற அரசு அமைப்புகளும் நிதி தந்தன. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் சூரிய ஆற்றல் ஆய்வகத்துக்குத் தலைமை வகித்த யோவாகிம் லூதர் இதன் முதல் தலைவர். அவருக்குப் பின் ஆர்மின் அபெர்லே பொறுப்பேற்றார்.

சிங்கப்பூரின் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. நீர்மின்சாரத்துக்குப் பெரிய ஆறு இல்லை. காற்றாலைக்குப் போதிய காற்றும் இல்லை. மிஞ்சியது வெயில். அதையும் எளிதில் நம்பிவிட முடியாது. சிராங்கூன் சாலையில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். கடையோர ஐந்தடி நடைபாதையில் ஒதுங்குவதற்குள் மழை கொட்டிவிடும். ஒரு மேகம் கடந்தால் மின்னுற்பத்தி நொடிகளில் சரியும். அதனால் தீவின் பல இடங்களில் வெயிலளவிகளை நிறுவி, மேகத்தின் போக்கை முன்கூட்டியே கணிக்கும் ஆய்வில் கழகம் இறங்கியது. சிலிக்கான் மின்கல ஆய்வைவிட இந்தப் பொறுமையான அளவெடுப்பையே அதன் முதன்மைப் பணியாகச் சொல்லத் தோன்றுகிறது. வெப்பமண்டலத்துக்கான தரவை வேறு யாரும் நமக்கு எடுத்துத் தரப்போவதில்லை.

அடுத்த சிக்கல் இடம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிக் கூரைகள் போதாதபோது பார்வை நீர்த்தேக்கங்கள்மீது விழுந்தது. 2016இல் தெங்கே நீர்த்தேக்கத்தில் 1 மெகாவாட் சோதனைக்களம் அமைந்தது. வெவ்வேறு நிறுவனங்களின் மிதவை அமைப்புகளை ஒரே நீரில் பக்கம்பக்கமாக மிதக்கவிட்டு ஒப்பிட்டார்கள். சிலிக்கான் தகடு ஒவ்வொரு பாகை சூடேறும்போதும் சுமார் 0.4 விழுக்காடு திறனை இழக்கும். நீர்ப்பரப்பின் குளிர்ச்சியும் காற்றோட்டமும் அந்த இழப்பைக் குறைத்தன. ஆனால் காற்றே புகாதபடி நெருக்கமாக மூடிய மிதவைகளில் அந்தப் பலன் குறைவு. தகடுகளில் வந்தமர்ந்த நீர்ப்பறவைகளின் எச்சமும் ஆய்வுக்குரிய பொருளானது. ஒரு சிறு கறை நிழலாக விழுந்தாலே மின்கலத்தின் உற்பத்தி குறைந்துவிடுமே!

அங்கே கிடைத்த அனுபவம், ஆய்வுக்கழகம் உலக வங்கியோடு சேர்ந்து வெளியிட்ட மிதவைச் சூரியசக்தி அறிக்கைகளில் இடம்பெற்றது. அதே தெங்கேயில் 2021 ஜூலையில் செம்ப்கார்ப் நிறுவனத்தின் 60 மெகாவாட் மிதவைப் பண்ணை திறக்கப்பட்டது. சுமார் 1,22,000 தகடுகள் 45 ஹெக்டேர் நீர்ப்பரப்பில் விரிந்துள்ளன. அவை தரும் மின்சாரம் தீவின் குடிநீர்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் தேவைக்கு ஈடாகிறது.