சுருக்கிய பெயர்களும் அவற்றின் திறவுகோல்களும்

மட்டாஞ்சேரி மிளகு வணிகத்தில் 'டிஜிஎஸ்இபி' என ஒரு தரப்பெயர் வழங்குகிறது. 'தெல்லிச்சேரி கார்பிள்டு ஸ்பெஷல் எக்ஸ்ட்ரா போல்டு' என்னும் ஐந்து சொற்களின் முதலெழுத்துகள் அவை. 'கார்பிள்டு' என்பதன் வேர், சல்லடையைக் குறிக்கும் 'கிர்பால்' என்னும் அரபுச் சொல். நறுமணப் பொருள்களைச் சலித்துத் தூய்மை செய்தலைக் குறித்த அச்சொல், பின்னாளில் ஆங்கிலத்தில் சிதைந்த செய்தியைக் குறிக்கலாயிற்று. மிளகு வணிகத்தில் பழைய பொருளே நிலைத்துள்ளது.

கடல்கடந்த வணிகம் தந்தியை நம்பியிருந்த காலத்தில் கட்டணம் சொற்கணக்கில் வாங்கப்பட்டது. ஆகவே, முழுத் தொடர்களை ஒற்றைச் சொல்லில் அடக்கும் குறிச்சொல் நூல்கள் பெருகின. 1906இல் வெளிவந்த பென்ட்லியின் நூல் ஐந்தெழுத்துக் குறிச்சொற்களைத் தந்தது. இரண்டை இணைத்துப் பத்தெழுத்தாக அனுப்பினால் ஒரு சொல்லுக்கே கட்டணம்.

இச்சிக்கனத்துக்கு ஒரு விலையும் இருந்தது. 1887இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த கம்பளி வணிகர் பிரிம்ரோஸ், 'வாங்கிவிட்டேன்' என்னும் பொருளில் 'பே' என்ற குறிச்சொல்லைத் தந்தியில் அனுப்பினார். வழியில் ஓரெழுத்து மாறி, 'வாங்கு' எனப் பொருள்படும் 'பை' ஆயிற்று. முகவர் கம்பளியை வாங்கிக் குவித்தார். இழப்பு 20,000 டாலருக்கு மேல். செய்தியைத் திருப்பி அனுப்பிச் சரிபார்க்கும் கூடுதல் கட்டணத்தை அவர் செலுத்தாததால், தந்திக் கட்டணமான 1.15 டாலர் மட்டுமே அவருக்கு உரியது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1894இல் தீர்ப்பளித்தது.

மொழியியல் நோக்கில் காரணம் தெளிவு. இயல்மொழியில் மிகைமை உண்டு. 'அவள் வந்தாள்' என்னும் தொடரில் பால் இருமுறை சுட்டப்படுகிறது. ஓரிடம் சிதைந்தாலும் மற்றோரிடம் காட்டிக்கொடுக்கும். சுருக்கம் களைவது இந்தக் காப்பையே.

இன்று இணையப் பக்கங்களின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் கோப்புகளிலும் இக்கணக்கே நடக்கிறது. 'முதன்மை-எழுத்து-நிறம்' என நிரலர் இட்ட பெயரைச் சுருக்குநிரல் 'அ' என மாற்றுகிறது. தனித்தனியே சுருக்கிய இரு கோப்புகள் ஒரே பக்கத்தில் சேர்ந்து, இரண்டிலும் 'அ' இருந்தால், ஒன்றின் மதிப்பை மற்றொன்று அழித்துவிடலாம். 'பே'யும் 'பை'யும் போலவே இங்கும் பிழை பிழையாகத் தோன்றாது. மேலும், அனுப்பும்போது நிகழும் ஜிசிப் அமுக்கம் மீண்டும் மீண்டும் வரும் நெடும்பெயர்களை ஏற்கெனவே குறுக்கிவிடுவதால், ஆதாயமும் பெரும்பாலும் சிறிதே.

இருப்பினும் நிரலரிடம் மூலக்கோப்பு இருக்கும். வணிக ஆவணங்களுக்கு அந்த உறுதி இல்லை. நிறுவனங்கள் தமக்கென வைத்திருந்த குறிச்சொல் ஏடுகள் அழிந்தால், எஞ்சும் தந்திகள் ஒலியாக மட்டுமே நிற்கும். தமிழ்க் கணக்கேடுகளின் ௳, ௴, ௵ ஆகியவற்றை நாள், மாதம், வருடம் என இன்றும் படிக்க முடிவது அவற்றின் பொருள் தனியே பதிவானதால்தான்.

பழைய பண்டகசாலைகளில் ஆவணம் தேடும் மாணவர்கள் கடிதக்கட்டுகளோடு நின்றுவிட வேண்டாம். அருகே கிடக்கும், முதற்பார்வைக்குப் பொருளற்ற சொற்பட்டியலையும் சேர்த்தே எடுத்து வையுங்கள்.