நிறத்துக்கு நிறம் எவ்வளவு தொலைவு?

சேலையைக் கையோடு கொண்டுபோய், அதே நிறத்தில் ரவிக்கைத் துணி கேட்பவர்களைக் கடையில் பார்த்திருப்பீர்கள். இது கொஞ்சம் வெளிறல், அது கொஞ்சம் அழுத்தம் என்று கண்ணே தீர்ப்புச் சொல்லிவிடும். இணையக் கடைகளில் இவ்வேலையைக் கணிப்பொறி செய்கிறது. பொறிக்கு நிறம் என்பது எண்களே. ஆகவே இரு நிறங்களுக்கு இடையேயுள்ள வேற்றுமையும் எண்ணாக வேண்டும். அது எப்படி ஆயிற்று?

1920-களின் இறுதியில் இங்கிலாந்தில் ரைட், கில்டு ஆகிய இருவரும் தனித்தனியே ஒரு சோதனை செய்தனர். ஒளிப்பரப்பு ஒன்றின் ஒரு பாதியில் நிறமாலையின் ஒரு நிறம். மறுபாதியில் சிவப்பு, பச்சை, நீல ஒளிகளின் கலவை. இரண்டும் ஒன்றாகத் தோன்றும்வரை கலவையை மாற்ற வேண்டும். ரைட்டிடம் 10 பேர், கில்டிடம் 7 பேர் பார்த்தனர். இவற்றின் சராசரியை வைத்தே 1931-ல் சர்வதேச ஒளியியல் ஆணைக்குழு ஒரு 'திட்டப் பார்வையாள'ரை வகுத்தது. நிறங்கள் வரைபடத்தில் புள்ளிகளாயின. பதினேழே பேர்! வகுப்பில் சொன்னால் மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

புள்ளி கிடைத்தது, தொலைவு கிடைக்கவில்லை. 1942-ல் அமெரிக்காவில், கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த மக்காடம், பெரும்பாலும் ஒரே பார்வையாளரைக் கொண்டு ஏறத்தாழ 25,000 முறை நிறங்களைப் பொருத்தச் செய்தார். 25 நிறங்களைச் சுற்றி அப்பொருத்தங்கள் எவ்வளவு சிதறின என்று வரைந்தபோது வட்டங்கள் வரவில்லை, நீள்வட்டங்கள் வந்தன. பச்சைப் பகுதியில் பெரியவை, நீலப் பகுதியில் மிகச் சிறியவை. அதாவது, வரைபடத்தில் அளவுகோல் காட்டும் அதே தொலைவு பச்சையில் கண்ணுக்குப் புலப்படாமல் போகலாம்; நீலத்தில் பளிச்சென்று தெரியும்!

இக்குறையைக் குறைக்க, 1976-ல் அதே குழு வேறு அச்சுகளை வகுத்தது: வெளிச்சத்துக்கு ஒன்று, பச்சை–சிவப்புக்கு ஒன்று, நீலம்–மஞ்சளுக்கு ஒன்று. பித்தாகரஸ் தேற்றமே தொலைவைத் தந்துவிடும். நீலம் அப்போதும் முரண்டு பிடித்தது. 2001-ல் மற்றொரு திருத்தம் வந்தது.

ஆனால் ஒரு படத்தில் எத்தனையோ நிறங்கள். 1991-ல் ஸ்வெயின், பல்லார்ட் இருவரும் எளிய வழி கூறினர்: ஒவ்வொரு நிறமும் எத்தனை புள்ளிகளில் உள்ளது என எண்ணி, எண்ணிக்கைகளை ஒப்பிடுவது. ஐ.பி.எம். நிறுவனம் 'கியூபிக்' என்ற தேடுமுறையை உருவாக்கியது. 1999-ல் ரஷ்யாவின் ஹெர்மிட்டேஜ் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில், வேண்டிய நிறங்களைத் தேர்ந்து ஓவியங்களைத் தேட அது உதவியது. 'இதைப் போன்றவை' என்று கடைகள் பரிந்துரைப்பதிலும் இத்தகைய கணக்குக்கு இடமுண்டு.

ஒரு சிக்கல் உண்டு. மஞ்சள் விளக்கின்கீழ்ப் படமெடுத்த வெள்ளைச் சட்டை, விளக்கின் நிறத்தைக் கழிக்காவிட்டால், பொறிக்கு இளமஞ்சள்தான். தொலைவுக் கணக்கில் தவறில்லை, தொடங்கிய புள்ளிதான் தவறு. துணியைக் கடைவாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பவர்கள் இந்தத் தவற்றைத்தான் தவிர்க்கிறார்கள்.